மூன்று விரல் மரங்கொத்தியின் முன்பேர்

பெப்ரவரி 6, செவ்வாய்
மியூசியத்தில் பாடம் பண்ணித் தட்டில் வைத்த மரங்கொத்திகளுக்குப் புதுப் பேர்ச்சீட்டு எழுதும் வேலை. பொறுப்பாளர் பேர்ணடெற் அக்கா பட்டியல் தந்தா. விஞ்ஞானப் பேரில் ‘பைக்கோயிடிஸ்’ என்றிருந்த சில இனி ‘ட்ரையோபேற்றிஸ்’. முன்பேர் கூட்டத்தின் பேர், பின்பேர்தான் சொந்தப் பேர். ஊரில் எங்களுக்கும் தகப்பன் பேர் முன்னுக்குத்தானே. கனடாவில் பின்னுக்குப் போய்விட்டது.

வீட்டு மேசையிலும் பிள்ளைகளின் பேர்மாற்றப் படிவம் இரண்டு கிடக்கிறது. பிள்ளைகளின் தகப்பன் யோசப் செத்து ஆறு வருடம், மரியோவைக் கட்டி ஒரு வருடம். பிள்ளைகள் இன்னும் ‘யோசப்’. மரியோ கேட்கவில்லை, நான்தான் எடுத்து வந்தேன். ஏழு வயது ஜோசுவா புதுப்பேர் வேணுமென்று துள்ளுகிறான். ஜெனாட்டுக்குப் பதினைந்து, அவள் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

பெப்ரவரி 8, வியாழன்
“நோ அம்மா. நான் சைன் பண்ண மாட்டன்.” ஜெனாட் கதவைச் சாத்திவிட்டாள்.
ஒரு வீட்டில் இரண்டு தகப்பன் பேரா? சனம் என்ன கதைக்கும்? சனத்தை விடு — எனக்கு என்ன வேணும்?

பெப்ரவரி 13, செவ்வாய்
பெரிய பிழை விட்டிட்டன். தட்டு முழுவதற்கும் புதுப்பேர் எழுதிவிட்டேன். தகப்பன் பேர் மாறினால் சகோதரம் எல்லாருக்கும் மாறும் என்று நினைப்பு. வடக்குக் காட்டு மூன்று விரல் மரங்கொத்தியும் அதோடு போய்விட்டது.

“உது பழைய பேரிலைதான் நிக்குது. பட்டியலை வாசிக்கேல்லையோ?”
“எல்லாம் ஒரே தட்டிலைதானே அக்கா இருந்தது?”
“தட்டிலை வைச்சது நாங்கள். ஐரோப்பாவிலை இருக்கிறதும் உதுவும் ஒண்டெண்டு கனகாலம் சொன்னவை. பிறகு பிரிச்சவை.”

உச்சியில் மஞ்சள், காலில் மூன்றே விரல். அதுக்கு இந்த வழக்கு ஒன்றும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

பெப்ரவரி 14, புதன்
சீட்டெல்லாம் திருத்தினேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு
பூசை முடிந்து வரும்போது ஜெனாட் மாட்டன் என்றதைக் காரில் மரியோவிடம் சொன்னேன். “அவளுக்கு ஒரு அப்பா இருந்தவர்தானே. விடும்,” என்றார். கோபமா, கவலையா? முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆருக்காக அழுதன்?

பெப்ரவரி 20, செவ்வாய்
ஜோசுவாவின் படிவத்தை மட்டும் அனுப்பினேன். சரியோ பிழையோ தெரியாது.

மார்ச் 5, செவ்வாய்
ஜெனாட்டின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவம் மேசையில். அவளே நிரப்பியிருக்கிறாள்.
பேர்: ஜெனாட் யோசப். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: மரியோ. உறவு: அப்பா. பெற்றோர் கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும் காலி.

இன்று காலையும் அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டாள்.

பேனையை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். படிவத்தை மரியோவின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவரே கையெழுத்து வைக்கட்டும்.