மதிய நேரத்து வெந்நீர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அந்த இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள். நாங்கள் நலம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வரியை விட்டுடு, மத்ததை எழுது" என்றாள். விட்டுவிட்டேன்.

முதலில் என் கண்ணில் பட்டது குளியலறையில் இருந்த நீல பிளாஸ்டிக் பேசின்தான். வேலையிலிருந்து வந்து துணி அலச எடுத்தேன், அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக வளைந்து போயிருந்தது, தரையில் வைத்தால் ஆடியது. வெயிலில் வைத்தீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். உங்கம்மா பேரம் பேசி வாங்கின பேசின் வேற எப்படி இருக்கும் என்றார். அப்போதுதான் அவர் வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குள் அவர் சாக்ஸ் போட்டு நான் பார்த்ததே இல்லை. கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா சலவைக்கடையிலிருந்து வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் கழற்றினாள், சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது. வலிக்குதா என்று கேட்டதற்கு, எதுக்கு வலிக்கணும் என்று அப்பா எங்களைத் திருப்பிக் கேட்டார்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே. இருப்பது ஒரே அறை, அப்பா போன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், உனக்குத் தெரியக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எனக்கோ போனில் ம் என்பதைத் தவிர ஒன்றும் பேச வராது, அதைச் சொல்லி நீயே கிண்டல் செய்வாய்.

நீ அங்கிருந்தபடியே கணக்குப் போட்டுச் சொன்னாயே, கேஸில் தண்ணீர் காய வைத்தால் என்ன செலவு, பழைய ரேட்டில் ஹீட்டர் போட்டால் என்ன செலவு, புதுக் கரண்டுத் திட்டத்துக்கு மாறினால் என்ன செலவு என்று. காலையும் மாலையும் யூனிட் விலை ஏறும், மதியம் பாதிக்கும் கீழே இறங்கும், அதனால் மதியம் டேங்கை நன்றாகச் சூடாக்கிவிட்டால் அம்மா வரும் வரை சூடு நிற்கும் என்றாய். உன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பில் வந்துவிட்டது, நீ சொன்ன மாதிரியே குறைந்திருக்கிறது. என் பையன் அங்க உட்கார்ந்துக்கிட்டு இங்க கரண்டு பில்லைக் குறைக்கிறான் என்று மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூட அப்பா சொன்னார். அப்படியே எண்ணெய் விலையையும் குறைக்கச் சொல்லுங்க என்று கடைக்காரர் கேலி செய்ததைக்கூடப் பெருமையாக வந்து எங்களிடம் சொன்னார்.

கேஸில் காய்ச்சிய நாளில் எல்லாம் அம்மாதான் பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, பிறகு அவர் காலை எடுத்து உள்ளே வைப்பாள். மதியத்தில் வீட்டில் யாரும் இல்லை. ஹீட்டரைப் போட்டு அணைப்பது அவர் வேலை ஆனதும், சூடு ஆறுவதற்குள் காலையும் நனைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியிருக்கிறது. குழாயிலிருந்து நேராகப் பேசினில் பிடித்திருக்கிறார். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏற்றின சூடு வீணாகும் என்று கலக்கவில்லை, கையை விட்டும் பார்க்கவில்லை. காலில் செருப்பு கழன்று போனாலே தெரியாமல் நடக்கிறவர், சர்க்கரை வந்ததிலிருந்து அந்தக் கால் எப்படி என்று உனக்குத் தெரியும். ஹீட்டர் வெதுவெதுன்னுதான் தருது என்று அம்மாவிடம் குறை வேறு சொன்னார். மறுநாள் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஹீட்டரில் சூடு கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டு மறுபடியும் நனைத்திருக்கிறார். சாக்ஸைக் கழற்றின அன்று, ஆவி வந்திருக்குமே என்று அம்மா கேட்டதற்கு, "ஆவி வந்தா சூடா? என் காலுக்குத் தெரியாதா?" என்றார்.

இரண்டு விரலை எடுத்துவிட்டால் கால் தப்பும், தள்ளிப் போட்டால் கணுக்காலோடு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கேட்கவில்லை. விரலை வெட்ட டாக்டர் எதுக்கு, கறிக்கடை போதுமே என்கிறார். முட்டி மடங்காததால் உள்ளங்கால் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் ஆறிட்டு வருதா என்று கேட்பார், ஆறிட்டு வருது என்று அம்மா சொல்வாள், சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பாள். நாற்றம் அவ்வளவு. பயந்துபோய்ச் சொல்கிறாள், அவளை ஒன்றும் சொல்லாதே.

நீ சொன்னால் கேட்பார், அதனால் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். பில் எவ்வளவு வந்தது என்று மட்டும் அவரிடம் கேட்காதே. கேட்டால் இன்னும் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதை எங்களால் கேட்க முடியாது. உன்னைக் குறை சொல்லவில்லை என்பதையும் எழுதச் சொன்னாள். "அவன் கணக்குதானே போட்டான், தண்ணியா ஊத்தினான்?" என்றாள். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், கதவைப் பூட்டிக்கொண்டு படுக்க வேண்டும், இது அம்மாவின் ஆசீர்வாதம்.

அம்மா சொன்னது இதோடு முடிந்தது. இனி நானாக எழுதுகிறேன். நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும், தபால்தலை இல்லாமல் நின்றுவிட்டது. இன்று காலை அம்மா வேலைக்குப் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் கட்டு மாற்றத் துணி எடுத்துக்கொண்டு போனேன். "உங்கம்மா சொல்றது எனக்குத் தெரியும். நீ சொல்லு, எப்படி இருக்கு?" என்றார். கடிதம் உன் கைக்கு வந்து, நீ போன் பண்ணி, அதற்குள் அந்தக் கால் என்ன ஆகும் என்றுதான் எனக்குள் ஓடியது. ஆனாலும் வாய் வரவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, கட்டைப் பிரித்து, உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தேன். கண்ணாடி சாய்ந்தது, நேராப் பிடி என்றார். பிடித்தேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதியாச்சு, இன்னும் போடலை என்றேன். "போட்டுடு. என் சட்டை எங்க இருக்கு பாரு" என்றார்.

ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, கையை ஒவ்வொன்றாக நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டேன். பிறகு வண்டி கூப்பிடத் தெருவுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து,
உன் தங்கச்சி