வெங்காய மூட்டைக்குக் கீழே ஒரு பெட்டி

மச்சான்,

இன்று மத்தியானம் எங்கள் கட்டடத்தின் நிலவறையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் நாங்கள் இருக்கும் வீடு உனக்குத் தெரியும், அதன் லிஃப்ட்டின் குணமும் தெரியும். இன்றைக்கும் அது வேலை செய்யவில்லை. பாதி வழியில் மூச்சு முட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தடித்த அட்டையின் மணமும் நிலவறைக் குளிரும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். "என்னடாப்பா, பாதியிலை குந்திட்டாய்? கிழவனாப் போனியோ?" என்று பக்கத்தில் நின்று கேட்பது போலவே இருந்தது.

கிழவனாகத்தான் போனேன். இந்தக் கிழமை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்று காலைதான் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் சுகம். நான் தூக்கி வந்த பெட்டியில் இருந்தவை குழந்தைக்குக் கட்டும் நப்பிகள். பிள்ளை பிறப்பதற்கு வெகு முன்பே வாங்கி, மனைவியின் கண்ணில் படாமல் கீழே ஒளித்து வைத்திருந்தேன். ஏன் ஒளித்தேன் என்று வேறு யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். உனக்குச் சொல்லலாம். இந்தக் களவை எனக்குப் பழக்கியவனே நீதானே.

பாரிசுக்கு வெளியே இப்போது ஒரு பெரிய மொத்தக் கடை இருக்கிறது. சந்தா கட்டினால் யாரும் கார்ட் எடுக்கலாம். மகள் எனக்கும் ஒன்று எடுத்துத் தந்தாள். கார்டில் என்னுடைய படம், என்னுடைய பெயர். முதல் நாள் வாசலில் அதை நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்பதுகளில் நாங்கள் போன மொத்தக் கடையை நினைத்துக்கொண்டேன். அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கார்ட். ரூ காய் என்ற தெருவில் நீ சமையல் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையின் முதலாளி, அந்தப் புதுச்சேரிக்காரர், திங்கட்கிழமைகளில் கார்டையும் சாமான் ஏற்றும் வானையும் உன்னிடம் தந்துவிடுவார். மூட்டை தூக்க நான். நீ அவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, நாடியை உயர்த்தி, பாதிப் பாரிசே உன் கடையில்தான் சாப்பிடுகிறது என்ற மாதிரி வாசல்காரருக்கு ஒரு "பொன்ஜூர்" வைப்பாய். கோட்டின் கை உன் விரல் நுனிவரை தொங்கும். அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களை உள்ளே விடுவார்.

உள்ளே போனதும் உன் நடை மாறிவிடும். கோயில் திருவிழாவுக்குள் நுழைந்த பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இருக்காது. முதலாளியின் சாமான்களை ஏற்றி முடித்த பிறகு நாங்கள் பல பேர் சேர்ந்திருந்த அறைக்கான வேட்டை. மைசூர்ப் பருப்பு மூட்டை, தகரத்தில் அடைத்த மீன்ரின் பெட்டி, கோழிக்கால் பெட்டி, பால்மா. எனக்குப் பிடித்தது கோழி. உனக்குப் பிடித்தது மயோனெஸ் வாளி. எங்கள் அறையில் மயோனெஸ் தொட்டுச் சாப்பிட ஒரு மனிதன் கிடையாது. உனக்கு வேண்டியது மூடி போட்ட அந்த வெள்ளை வாளி. உள்ளே இருந்ததைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துவிட்டு வாளியை அறைக்குக் கொண்டுவருவாய். ஒன்றில் அரிசி, ஒன்றில் குளிக்கிற தண்ணீர், ஒன்று கவிழ்த்து வைத்தால் உட்காரக் கதிரை. ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு கட்டடத்தின் உச்சி மாடியில், குளிக்கும் அறை இல்லாத அந்த வீட்டில், நாங்கள் எல்லாரும் மயோனெஸ் வாளியில் அள்ளிக் குளித்துத்தான் வெள்ளைக்காரர் முன்னால் வியர்வை மணக்காமல் நின்றோம்.

சம்பா அரிசி கண்டுபிடித்த நாளையும் சொல்லத்தான் வேண்டும். குட்டையான, உருண்டை அரிசி. மூட்டையில் கண்ணாடி போல இருந்த பிளாஸ்டிக் துண்டு வழியாகப் பார்த்துவிட்டு, "மச்சான், சம்பா" என்று நீ குரல் தழுதழுக்கச் சொன்னாய். பெரிய மூட்டையாகத் தூக்கினோம். அது இவர்கள் பாலில் போட்டு இனிப்புக் காய்ச்சுகிற அரிசி என்று எங்களுக்கு யார் சொன்னது? உலையில் போட்டால் பசை. எத்தனையோ நாள் அறை முழுவதும் குழைந்த புக்கைதான். திட்டினவர்களுக்கெல்லாம், "பொங்கல் தினமும் வந்தா ஆருக்கடா கசக்குது?" என்று நீ சட்டியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டே இருந்தாய்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவில்தான் என் தம்பி ஊரிலிருந்து வெளிக்கிட்டான். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று வந்துகொண்டிருந்தான். ஜெர்மனியிலிருந்து பிரான்ஸ் எல்லைக்குக் கூட்டிவருகிறோம் என்று, காசு வாங்கி அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொன்னான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. எல்லையில் பிடிபட்டானா, பனியில் எங்காவது விழுந்துகிடக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவனை அனுப்பி வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை வற்புறுத்தியவன் நான். வேலையிடத்தில் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

அந்தத் திங்கட்கிழமை என்னை வலுக்கட்டாயமாக வானில் ஏற்றினாய். மூட்டை தூக்கினால் மனம் கொஞ்சம் பேசாமல் இருக்கும் என்றாய். எல்லாம் ஏற்றி முடித்து, காசு கட்டப் போகிற நேரத்தில் நீ ஒரு பெட்டி ரின்பாலை, தகரத்தில் வரும் அந்தக் கட்டி இனிப்புப் பாலை, தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாய்.

"இது என்னத்துக்கடா?" என்றேன்.

"உன்ரை தம்பிக்கு. ரின்பாலெண்டா அவன் உயிரை விடுவானெண்டு நீதானே சொன்னனி."

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பயணம் வெளிக்கிட்ட ஆள் வாசலில் கால் வைக்கும்வரை அம்மா அவர் பெயரில் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட மாட்டாள். போட்டால் வரவு தட்டிப்போகும் என்பது அவளுடைய பயம். பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைக்கக் கூடாது என்பதும் அந்தப் பயத்தில் ஒரு துண்டுதான். நாடு மாறி வந்தாலும் நான் அந்தப் பயத்தை மாற்றவில்லை.

"எடு வெளியிலை. வராத ஆளுக்கு ஒண்டும் வாங்கக் கூடாது."

"வரத்தானே போறான். வந்து பசியோடை நிக்கேக்கை நான் ஆரிட்டைப் போய் பால் கேக்கிறது?"

"மச்சான், சொல்லுறதைக் கேள். இது விளையாட்டில்லை."

மன்னாரில் உங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நேர்மாறு என்று அங்கே நின்றே நீ எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினாய். உன் அப்பா கடலுக்குப் போன நாட்களில், அவருடைய பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் உன் அம்மா பிள்ளைகளுக்குப் போடுவாராம். மூடி வைத்த சாப்பாடு ஆளை இழுத்துக்கொண்டு வரும் என்றாய். நான் காதில் வாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிப் போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாய். "சரி, உன்ரை இஷ்டம்" என்றாய். பிறகு மிளகாய்த்தூள் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நீ மட்டும் திரும்பப் போனாய்.

ரூ காயில் சாமான் இறக்கும்போது வெங்காய மூட்டையைத் தூக்கினேன். அதற்குக் கீழே ரின்பால் பெட்டி சப்பென்று அமுங்கிக் கிடந்தது. மிளகாய்த்தூளைக் காணவில்லை. "இது கடைக்கு" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் உன்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நீயோ ஒன்றும் நடக்காதது போல எனக்குச் சாப்பாடு போட்டு வைத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒரு நாள், நான் வேலை செய்த ரெஸ்ரோறண்டுக்கு உன் தொலைபேசி வந்தது. வேலையிடத்துக்கு யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் சாவு வீடு என்றுதான் அர்த்தம். ஈரக் கையோடு வாங்கிக் காதில் வைத்தேன்.

"மச்சான், ரின்பால் முடியப்போகுது. கெதியா வா."

அவ்வளவுதான் சொன்னாய், வைத்துவிட்டாய். வேறு ஒரு சொல் தேவைப்படவில்லை. ஏப்ரனோடு மெத்ரோ ரயிலில் ஏறி நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தது. லா ஷப்பல் நிலையத்தில் இறங்கி ரூ காய்வரை ஓடினேன்.

சமையலறையில், கவிழ்த்துப் போட்ட மயோனெஸ் வாளியின் மேல் என் தம்பி இருந்தான். வீங்கிப்போன கால் இரண்டும் இன்னொரு வாளியின் சுடுதண்ணீருக்குள். கையில் பாண் துண்டு. ரின்பாலில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத இடத்தில் பால் ஒட்டியிருந்தது. கார் து லெஸ்ற் ரயில் நிலையத்தில் இறங்கி, விலாசம் எழுதிய துண்டைத் தொலைத்து, ஃபொபூர் சேன்-தெனியில் முதலில் எதிர்ப்பக்கமாக நடந்து, பிறகு திரும்பி வந்திருக்கிறான்.

"கறி மணத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான் அண்ணை" என்றான்.

நிலத்தில் குந்தி அவனுடைய ஈரக் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை மச்சான், இன்றைக்கும் இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல என்று சொல்வார்களே, எனக்கு அதை ரின்பாலாக வார்த்தவன் நீ. நீயோ சட்டியைக் கிண்டிக்கொண்டே, "முதல்லை அந்த ஏப்ரனைக் கழட்டிக் குடுத்திட்டு வா, வெள்ளைக்காரன் பொலிசுக்குப் போன் அடிக்கப்போறான்" என்றாய். பிறகு, "பால் முடிஞ்சுது. திங்கள் வேறை எடுப்பம். அம்மாவுக்கு மட்டும் இதைச் சொல்லிப்போடாதை" என்றாய். இன்றுவரை சொல்லவில்லை. அவளும் போய்விட்டாள்.

அடுத்த திங்கள் வானில் போகும்போதுதான் உன்னிடம் கேட்டேன். "உனக்குக் கொஞ்சமும் பயம் இல்லையோ? அவன் வராமல் விட்டிருந்தா அந்தப் பெட்டியை என்ன செய்திருப்பாய்?"

"பயம்தான் மச்சான். ஏன், உன்னை விட எனக்குத்தான் கூட. நீ கோவிச்சுக்கொண்டு திரிஞ்சாய், நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றாய். பிறகு முதலாளியின் கார்டை எடுத்துக் காட்டிச் சிரித்தாய். "ஆனா பயத்தோடை இதுவும் கையிலை இருந்துதே."

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. தள்ளுவண்டியில் எப்போதும், இன்னும் வந்து சேராத ஒருவனுக்கு ஏதாவது இருக்கும். ஒரு போர்வை, ஒரு சோடி கம்பளிக் காலுறை, ஒரு பெட்டி பிஸ்கட். எத்தனை பேர் எங்கள் அறைப் படியேறி வந்து, யார் வாங்கியது என்று தெரியாமலே அந்தப் போர்வைகளுக்குள் படுத்தார்கள்.

தம்பி இப்போது வழுக்கைத் தலையோடு, என்னைவிடக் கிழவன் போலத் திரிகிறான். உன் இறுதிப் பூசைக்கு முதல் ஆளாக வந்து, உன் பெட்டியின் முன்பக்கத்தைத் தன் தோளில் வாங்கியவன் அவன்தான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். போன முறை அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இந்த முறை மாதம் ஏற ஏற வீட்டில் யாரும் பலமாக மூச்சு விடவில்லை. என் மனைவி என் அம்மாவைவிடக் கண்டிப்பாக இருந்தாள். தொட்டில் இல்லை, சட்டை இல்லை, பெயர் கூட வாயில் வரக் கூடாது. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் ஒரு நாள் அரிசி வாங்க அந்தப் பெரிய கடைக்குப் போனபோது, நப்பிப் பெட்டிகள் முகடு முட்ட அடுக்கியிருந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. ஒன்றைத் தூக்கி வைத்தேன். மேலே வெங்காய மூட்டையைப் போட்டேன். காசு கட்டும் இடத்தில் கார்டை நீட்டினேன். பயம்தான் மச்சான். கையில் கார்டும் இருந்தது.

பிறகு நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறேன் என்று சொல்லி நிலவறைக்குப் போய், அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று அவ்வளவு அடித்த சைக்கிள் இந்தக் கார்ஜில் வேறு இருக்காது.

இன்று பெட்டியைக் கொண்டுபோய் நடு ஹாலில் வைத்தேன். மனைவி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்ப வாங்கினனீங்கள்?"

"முந்தியே."

"எவ்வளவு முந்தி?"

அவள் பெட்டியைக் கிழித்து ஒன்றை வெளியில் எடுத்து விரித்தாள். குழந்தை அதற்குள் முழுதாகப் புதைந்து போகும். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கான அளவு. உன் சம்பா அரிசி நினைவுக்கு வந்து, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். ஏச்சு வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

மனைவி அந்த நப்பியைப் பழையபடி மடித்தாள். மடித்து, பெட்டிக்குள் வைத்து, கிழிந்த வாயை ஒட்டி மூடினாள். "உதிலை மேலை ஏத்தி வையுங்கோ" என்று அலுமாரியைக் காட்டினாள். "நடக்கத் தொடங்கினாப் பிறகு தேவைப்படும்."

வைத்துவிட்டேன் மச்சான்.