பெயர் மாற்றிய டயப்பர்

அன்புள்ள கிராசிமிருக்கு,

யோர்தானா எழுதுவது. நானும் நம் பிள்ளை வெலினும் சுகம். ஹம்பர்க் குளிரில் கட்டட வேலை உங்களுக்கு எப்படிப் போகிறது? இருமல் விட்டதா? இந்த விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

பிரசவத்துக்கு வந்த உங்கள் தங்கை ராலிட்சா இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அவளுக்குப் பால் பொங்குகிறது. எனக்குப் பத்தாம் நாளே வற்றிவிட்டது. பிள்ளை பெற்ற இருவர் நாற்பது நாளுக்குள் ஒரே வீட்டில் இருந்தால் ரொட்டி மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தியின் பால் மற்றவளுக்குப் போய்விடும் என்று உங்கள் அம்மா சொன்னார். "இந்தக் காலத்துலயுமா இதெல்லாம்?" என்று ராலிட்சா சிரித்தாள். என் பாலை அவள்தான் கொண்டுபோனாள் என்று அன்றிலிருந்து பொருமிக்கொண்டிருக்கிறேன். நான் புட்டி கழுவும் நேரம் பார்த்து, "அண்ணி, சட்டை மறுபடி நனைஞ்சுபோச்சு, உங்களோடது ஒண்ணு குடுங்களேன்" என்பாள். வயிறு எரியும்.

போன மாதம் டாக்டர் கலினா, குழந்தைகளின் குடலில் இருக்கும் வைரஸ்களை ஆராய்வதற்காக நான்கு மாதக் குழந்தைகளின் அழுக்கு டயப்பர் கேட்டார். பிறந்தவுடன் குடலில் வைரஸ் அநேகமாக இருக்காதாம். பிறகு வந்து சேருமாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளிடம் மனிதரைத் தொற்றும் வகை குறைவாக இருக்குமாம். பவுடர் பாலோடு கொஞ்சம் தாய்ப்பால் சேர்ந்தாலும் நல்லதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதிலும் அவளா ஜெயிக்க வேண்டும்? நம் பிள்ளையுடையதும் அவள் பிள்ளையுடையதுமாக இரண்டு டயப்பர் பைகளையும் கொண்டுபோகும் வழியில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் ராலிட்சாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு அந்த வைரஸ் கொஞ்சம் அதிகமா இருக்கு. இது நோய் இல்ல, பயப்படாதீங்க. பாலை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றிருக்கிறார். இவள் கேட்டால்தானே! "என் பால்தான் விஷம்" என்று அழுதுகொண்டு நிறுத்தியேவிட்டாள். பிள்ளை புட்டியைத் துப்பித் துப்பிக் கதறியது. இவள் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள். மூன்று நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். முதல் நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைத் திட்டுங்கள்.

இன்று காலை சொல்லிவிட்டேன். அவள் என்னை அடிக்கவில்லை. "மூணு நாளா எம் பொண்ணைப் பட்டினி போட வச்சிட்டீங்களே, அண்ணி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழந்தை மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என்ன ஜென்மமோ நான்! டாக்டரிடமும் போய் ஒப்புக்கொண்டு வந்தேன்.

அந்த வைரஸ் நம் வெலினிடம்தான் இருக்கிறது. இப்போதைக்குச் சிரித்து விளையாடுகிறான். அவனுக்காக அவளிடம் கொஞ்சம் பால் கேட்க வேண்டும். கேட்கிற தகுதி எனக்கில்லை. நீங்கள் அண்ணன், போன் செய்து கேளுங்கள். புட்டியில் பீய்ச்சித் தந்தாலும் சரி. இல்லை, மடியில் போட்டுத்தான் கொடுப்பேன் என்றால், அதுவும் சரி. பக்கத்தில் நின்று பார்த்துப் பொறுத்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
யோர்தானா