ராஜா கொடுத்த ஏழு பேர்ச்

ஜனவரி 18, ஞாயிறு

இன்று காலை பத்தரை மணிக்கு நான் சக்கரவர்த்தி ஆனேன். நாலந்தா முதல் வில்கமுவ வரை, வயல், காடு, யானைகள் உட்பட, எல்லாம் என் ஆட்சிக்குள் வந்துவிட்டன. ஜவாஹிர் முதலாளியின் கடையில் கராம்பு மூட்டை தூக்கும் சதீஸ்குமாருக்கு இந்தப் பதவி கொஞ்சம் தாமதம்தான்.

முடி சூட்டியவர் மஸீனா டீச்சர். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடிக்கும் இசை நாடகம். கதை, பாட்டு, ஓர்கன், ராஜா எல்லாம் நானே. நவம்பர் மழையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்கியதிலிருந்து எட்டுக் குடும்பங்கள், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைமடுவத்தின் ஒற்றை மண்டபத்தில் கிடக்கின்றன. என் அக்கா கிருஷ்ணம்மாவும் அவள் மகள் தினுஷாவும் அங்கேதான். "புள்ளைங்க சிரிச்சு ரெண்டு மாசமாச்சு. ஒரு ராஜா கதை போடுங்கண்ணன்" என்றார் டீச்சர்.

போட்டுவிட்டேன்! ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. தொண்ணூறு வைத்தியர்கள் தோற்று ஓடுகிறார்கள். மலையிலிருந்து ஒரு சிறுமி வந்து பாடுகிறாள்:

ராஜாவே, ராஜாவே, தூக்கம் வரலையா?
மலைமேல எங்களுக்கும் வரலையே.
அசையாத நெலம் ஒண்ணு குடுங்க, ராஜாவே,
நாங்க தூங்கினா நீங்களும் தூங்குவீங்க.

ராஜா அழுது, அரை ராஜ்யத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிறார். குறட்டைக்குத் தனி இசை.

ஜனவரி 24, சனி

ஒத்திகை. சிறுமியாக தினுஷா. பத்து வயதில் அப்படியொரு குரல்! அவள் பாடியபோது பல்லேகமவில் மேய்ந்த மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும்.

"இந்தா, என் அரை ராஜ்யம்!" என்று கர்ஜித்தேன். அவள் வாங்கவில்லை.

"அரை ராஜ்யம்னா எத்தன பேர்ச் மாமா?"

"ஏழு கோடி பேர்ச்!"

"பொய் சொல்லாதீங்க. யாருக்கும் ஏழு பேர்ச்சுக்கு மேல குடுக்கமாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். கடை அறைக்கு வந்த பிறகும் அந்த "ஏழு" காதை விட்டுப் போகவில்லை. மண் இறங்கிய குடும்பங்களுக்குப் பக்கத்து மேட்டில் ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீடு கட்டும் அளவு நிலம், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு என்ற பட்டியல்தான் இன்னும் வரவில்லை. அக்கா தினமும் அதைத்தான் கேட்கிறாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தொழிற்சங்கத் தலைவர் பிரதம விருந்தினராக வருகிறார். பட்டியலை நம் மேடையிலேயே வாசிப்பாராம்.

பிப்ரவரி 7, சனி

தலைவரின் ஆள் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை. அதன் கஞ்சி விறைப்பில் ஒரு பாலமே கட்டலாம். ஒத்திகையைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நல்லா இருக்கு சதீஸ். அந்தத் தூக்கம் வராத பாட்ட மட்டும் எடுத்துருங்க. தலைவர் மனசு சங்கடப்படும். அரை ராஜ்யமும் வேணாம். ராஜா ஏழு பேர்ச் குடுக்கட்டும், புள்ள நன்றி சொல்லட்டும். ஒங்க அக்கா பேரு லிஸ்ட்டுல இருக்குங்க... இப்போதைக்குப் பென்சில்லதான்."

பென்சிலில்.

"நீங்க எழுதினது. வெட்டுறதுன்னா நீங்களே வெட்டுங்க. என் கையால மாட்டேன்" என்றார் மஸீனா டீச்சர்.

அக்காவிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "வெட்டித் தொலைடா. ஒன் பாட்டு என்னா, மழைக்கு ஒழுகாத கூரையா?"

வெட்டினேன். நான்கு வரிதானே? தினுஷா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆயிரம் காரணம் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 14, சனி

நாடகம் முடிந்தது.

குறட்டைக் காட்சிக்குக் கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. தலைவரும் சிரித்தார். அட்டைக் கிரீடத்தோடு எழுந்து, "இந்தா குழந்தாய், ஏழு பேர்ச்!" என்றேன். கைதட்டல். சுருட்டிய காகிதத்தை தினுஷா இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, "நன்றி அரசே. எங்க பரம்பரையே ஒங்கள மறக்காது" என்றாள்.

எவ்வளவு அழகாகச் சொன்னாள்! அந்தக் குனிவு, அந்தக் குரல் - யார் கற்றுக்கொடுத்தது? நான்தான். மூன்று நாள் பழக்கினேன்.

தலைவர் எனக்குப் பொன்னாடை போட்டார். பிறகு பட்டியலை வாசித்தார். ஐந்து பெயர். கிருஷ்ணம்மா இல்லை. மறுபடி வாசிப்பார் என்று நினைத்துக் கிரீடத்தைக் கழற்றாமலே நின்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடிப் பிடித்தேன். "தோட்டத்துல பேர் பதிஞ்சு வேல செய்றவங்களுக்கு மட்டும்தான்னு முடிவாச்சு. ஒங்க அக்கா டவுன்ல வீட்டு வேலைக்கிப் போறாங்களே... அடுத்த லிஸ்ட்டுல பார்ப்பம்."

அத்தான் செத்த வருசம் கொழுந்தெடுக்க முடியாதபடி முதுகு போனது அவளுக்கு. அதனால்தானே டவுனுக்குப் போனாள்? இதைப் பென்சில் பிடித்தவனுக்கு முதலிலேயே தெரியாதா? தெரிந்துதானேடா சொன்ன?

அக்கா திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிள்ளைமடுவத்தைத் தோட்ட நிர்வாகத்தினர் திரும்பக் கேட்கிறார்கள். காணி கிடைத்த ஐந்து குடும்பத்துக்கும் அந்த மேட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தாயிற்று. "மத்தவங்க பழைய எடத்துக்கே போங்க, இப்ப மழை இல்லத்தானே" என்கிறார்களாம். அங்கே இருக்கக்கூடாது என்று டிசம்பரில் எழுதிக் கொடுத்ததும் இவர்களேதான்.

என் கடை அறைக்கு வரச் சொன்னேன். "மூணு பேரும் நின்னுக்கிட்டேதான் தூங்கணும்" என்றாள் அக்கா. உண்மைதான். அது ஆறடி அறை.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவின் சாமான்களைப் பழைய லயத்துக்கே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு, பாய்கள். பின்சுவர் வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போகிறது. மணிக்கட்டு வரைதான்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்று மணிக்கே மலைப்பக்கம் கறுத்தது. பஸ் பிடித்து லயத்துக்குப் போனேன். நான் போகும்போது மழை தொடங்கிவிட்டது.

அக்கா சோறு போட்டாள். ஏழு மணிக்கு தினுஷா பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு பாயில் படுத்தாள். மழை வந்தால் இப்படித்தானாம். ஓடுவதற்கு.

பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு கதை சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. நீங்க பேசினா மண்ணு வர்ற சத்தம் கேக்காது."