பலகையிலிருந்து கழற்றிய முகம்

அண்ணன் மனைவியாக வந்து எனக்குத் தோழியாகிப்போன அண்ணிக்கு,

நீங்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது. நீங்கள் போய்ச் சில வாரங்கள் கழித்து. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் மாத்தளை டவுனில் அண்ணனின் ஸ்டூடியோ எரிந்தது. கேமராக்களையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாம்பலில் மிஞ்சிக் கிடந்த போட்டோக்களை நீங்கள் சாக்கில் அள்ளிவந்தீர்கள். எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு அவற்றைப் பலகைகளில் ஒட்டினீர்கள். மேலே மெல்லிய தாள், அதன்மேல் சாயம், தேயிலைச் சாறு, மறுபடியும் தாள். காய்ந்ததும் பிளேடால் சுரண்டுவீர்கள். உருவமில்லாத நிறங்களுக்கு நடுவே ஒரு கண் தெரியும், ஒரு தோள் தெரியும். இது போட்டோவா பெயின்டிங்கா என்று அண்ணன் கேட்பார். நீங்கள் சிரித்துவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருப்பீர்கள்.

கண்டிக் கண்காட்சிக்குப் பெரிய பலகையை அனுப்பவிருந்த சமயத்தில்தான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லம்மா வந்தார். கலவரத்துக்குப் பயந்து வவுனியாப் பக்கம் போன மகனைப் பற்றித் தகவலே இல்லையாம். அடையாள அட்டைக்கு அண்ணன் எடுத்த படம் மிஞ்சியிருக்குமா என்று கேட்டார். நெகட்டிவும் எரிந்துவிட்டது என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பலகைக்குக் கிட்டப் போய்விட்டார்.

"இதுதாங்க எம் புள்ள. போற எடத்துல ஆளக் காட்டிக் கேக்கணும்னா இந்தப் படம் வேணுங்க."

அந்தப் பலகை உங்களுக்கு மூன்று மாத வேலை. ஆனாலும் ஈரத்துணியை எடுத்தீர்கள். முகம் கிழியாமல் வர மாலையாகிவிட்டது. சுற்றியிருந்ததெல்லாம் உரிந்து போயிற்று. ஒரு கன்னத்தில் நீலச் சாயம் ஒட்டியே இருந்தது. செல்லம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அப்புறம் வரவேயில்லை. பலகையும் கண்டிக்குப் போகவில்லை.

"அந்தம்மாவுக்குப் பையன் கெடச்சிருப்பானா?" என்று எத்தனை வருஷம் கேட்டிருப்பீர்கள். கிடைத்திருப்பான் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்தார் அண்ணி. நாற்பது வயதிருக்கும். சண்டை நின்று, வவுனியாவுக்கு அப்பாலிருந்து வரும் பாதை திறந்துவிட்டதால் வர முடிந்ததாம். மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தப் போட்டோவக் காட்டித்தாங்க எங்கம்மா என்னக் கண்டுபுடிச்சாங்க. அங்கயே எங்கூட இருந்துட்டாங்க. அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சு. குடுத்தவங்களப் பாத்துச் சொல்லிட்டு வாடான்னாங்க."

அண்ணன் உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் டீ போட்டேன். உரிந்த பலகையை அவருக்குக் காட்டினோம். தன் இடம் எது என்று அவர் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களைக் காட்டி, இவங்கள்லாம் யாருங்க என்றுதான் கேட்டார். அண்ணனுக்கு நாலைந்து பேரைத்தான் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் சீக்கிரம் பாதை திறந்திருக்கக் கூடாதா?

கொழும்பில் உங்கள் பலகைகளைக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் சம்மதித்துவிட்டார். நானும் கூடப் போகிறேன். அங்கே யாராவது ஒரு முகத்துக்கு முன்னால் வந்து நின்று, இது என் ஆள் என்று சொன்னால், கண்காட்சி முடியும்வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன் அண்ணி. கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
சரோஜா