அடைத்த காற்றுக்குழாய்

குழந்தைகளின் அப்பாவுக்கு,

பீட் கிழங்கு முழுவதையும் சர்க்கரை ஆலை எடுத்துக்கொண்டது. ஒன்றுகூட உறையவில்லை, அழுகவில்லை. "இந்தக் குளிர்ல எப்படிம்மா காப்பாத்துனீங்க?" என்று எடை போடுகிறவர் கேட்டார். நான் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாஸ்கோவிலிருந்து நீங்கள் போன் செய்து, "உறைபனி வருது, குழாயை அடைச்சிடுங்க" என்றீர்கள் அல்லவா? மாமா அன்றே நிலவறையின் காற்றுக்குழாயில் வைக்கோலைத் திணித்துவிட்டார். "கிழங்கும் மூச்சு விடும் மாமா, கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்" என்றேன். "அவ்வளவு தூரத்துல இருக்கறவனுக்குப் பனி தெரியுது, உனக்குத் தெரியல. போய் டீயைப் போடு" என்று சிரித்தார்.

சில நாள் கழித்துக் காலையில் கிழங்கைப் பார்க்க உள்ளே இறங்கினார். டீ ஆறிப்போனது. தேடி வந்த பக்கத்து வீட்டு சுயுன்பெக், தான் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது பாதியிலேயே அணைந்தது; கிழங்கு விட்ட மூச்சில் உள்ளே நல்ல காற்றே இல்லாமல் போயிருந்தது.

அத்தையிடம் மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறோம். அவர் பக்கத்தில் இருந்ததால் போனில் உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். வியாழக்கிழமை, இறந்தவர்களுக்குப் பொரிக்கும் வழக்கப்படி, மாமாவுக்காகப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்தோம். வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "என் பிள்ளை சொன்ன யோசனையாலதான் கிழங்கு பிழைச்சுது" என்று பெருமைப்பட்டார்.

நீங்கள் வந்ததும் உங்களிடமும் சொல்வார். தலையை ஆட்டிவிடுங்கள்.

உங்கள் குழந்தைகளின் அம்மா