லன்சரோட்டேயில் ஊற்றிய பால்

என்ர இஞ்சேரப்பா,

நீங்கள் இல்லாமலே லன்சரோட்டேத் தீவுக்குப் போய் வந்துவிட்டேன். கோபிக்காதீர்கள், நீங்கள் ஆசையாய்ப் பார்த்து வைத்த பயணம்தானே. உங்கள் இடத்துக்கு மகள் வந்தாள். வருசத் திவசம் முடியாமல் மலை ஏறக் கூடாதென்று உங்கள் அக்கா போனில் ஒரே பிடி. "அது மலையில்லை மாமி, எரிமலை" என்று மகள் சொல்ல, மனுசி இன்னும் பயந்துபோனார்.

எனக்கு வேறு கவலை. உங்களை எரித்த அன்று மகன் பொத்தானை அமர்த்தினான், அவ்வளவுதான். மறுநாள் பால் ஊற்றித் தணலை ஆற்றுகிற காடாத்துக்கு இந்த லண்டனில் எங்கே வழி? ஒரு கிழமை கழித்துச் சாம்பலாய்ச் சாடிக்குள் வந்தீர்கள். மனுசனைச் சூட்டோடு அனுப்பிவிட்டோமே என்ற கவலைதான்.

"யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, லண்டன் முழுக்கக் களிமண், ஏறி நிண்டு பார்க்க ஒரு மேடில்லை" என்று பஸ் ஓட்டி வந்த களைப்பிலும் புலம்புவீர்களே. அங்கே மேட்டுக்கு என்ன பஞ்சம்! கறுப்பும் சிவப்புமாய்ச் சாம்பல் கூம்புகள், உச்சியில் பெரும் பள்ளங்கள். இடையில் எரிமலைக் குழம்பு உறைந்த தரை, உழுதுபோட்ட தோட்டம் மாதிரி. மேலோடு இறுகி, உள்ளே ஓடிய குழம்பு வடிந்துபோன குகைகளும் உண்டு. வெடித்து முந்நூறு வருசம்கூட ஆகவில்லையாம். கற்பாசி இப்போதுதான் படர்கிறது.

வழிகாட்டிப் பெண் மண்வெட்டியால் கிண்டி, ஒரு பிடி சரளையை எங்கள் கைகளில் போட்டாள். ஐயோ, என்ன சூடு! எல்லாரும் உதறினார்கள். நான் கொஞ்ச நேரம் பொத்திப் பிடித்திருந்தேன்.

பிளேனில் தேத்தண்ணீருக்குத் தந்த குட்டிப் பால் கைப்பைக்குள் கிடந்தது. உடைத்து அந்தக் குழிக்குள் ஊற்றினேன்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"அப்பாவுக்குக் காடாத்து."

மகள் ஆங்கிலத்தில் என்ன சொன்னாளோ, அந்தப் பெண் மண்வெட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் புகைந்து சரளைக்குள் இறங்கியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். அப்படியே சுட்டது. இத்தனை காலத்துக் காற்றுக்கும் மழைக்கும் ஆறாத தரை, ஒரு மிடறு பாலுக்கா ஆறும்? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. அது ஆற வேண்டாம் என்றிருந்தது.

இனி உங்களை ஆற்றப் பார்க்க மாட்டேன், இஞ்சேருங்கோ. அக்கா என்ன சொன்னாலும் சரி, திவசத்துக்கு உங்களுக்குப் படைக்கிற கோப்பியைக் கொதிக்கக் கொதிக்கத்தான் வைப்பேன்.

மனோர் பார்க்கிலிருந்து,
உங்கட மனுசி